கேள்வி சரியானால் சாலை சரியாகும்

மார்த்தாண்டம் சந்திப்பில், இரும்பு மேம்பாலத்தின் நிழலில் சற்று நேரம் நின்று பார்ப்பவருக்கு ஒரு காட்சி புலப்படும். தலைக்கு மேலே, நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் வண்டிகள் ஊரைத் தொடாமலேயே கடந்து போகின்றன. கீழே, பேருந்தும் ஆட்டோவும் இருசக்கர வாகனமும் சந்தைக்கு வந்தவர்களும் ஒருவருக்கொருவர் வழி கேட்டபடி ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஊரைக் கடந்து செல்பவர் எப்படி விரைவாகச் செல்வது என்பது ஒரு கேள்வி. ஊருக்கே வருபவர் எப்படிச் சிரமமின்றி வந்துபோவது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு மேம்பாலம் விடை தந்துவிட்டது. இரண்டாவது கேள்வி இன்னும் சாலையிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

ஒரு சாலைத் திட்டம் சல்லியும் தாரும் வந்து இறங்கும் நாளில் தொடங்குவதில்லை. 'எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறோம், யாருக்காகத் தீர்க்கப் போகிறோம், எதுவரை நம் பொறுப்பு?' என்று காகிதத்தில் எழுதப்படும் நாளில் அது தொடங்குகிறது. இதனைத் திட்ட வரம்பை வகுத்தல் என்பர். செலவில் மிகச் சிறிய பகுதியையே விழுங்கும் இந்தக் கட்டம்தான் எஞ்சிய அனைத்தையும் தீர்மானிக்கிறது. வரம்புக்குள் சேர்க்கப்படாத எதுவும் மறைந்துபோவதில்லை. பின்னாளில் தாமதமாகவோ, கூடுதல் செலவாகவோ, நீதிமன்ற வழக்காகவோ, அன்றாட நெரிசலாகவோ திரும்பி வருகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடந்த பல ஆண்டுகளாக இதற்குக் கண்கூடான சான்றாக இருந்துவருகிறது.

ஊரே பாதையான நிலம்

கன்னியாகுமரி, தமிழகத்தின் மிகச் சிறிய மாவட்டங்களுள் ஒன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கின்றனர். மாநிலத்தின் சராசரியோ 555. தமிழகத்தின் பிற பகுதிகளைப் போல ஊர் ஓரிடத்தில் குவிந்து, அதனைச் சுற்றி வயல்வெளி விரிந்து கிடக்கும் அமைப்பு விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இல்லை. மேட்டு நிலமான விளைகளில் வீடுகள், தென்னை, ரப்பர். பள்ளத்தில் ஏலாக்கள், குளங்கள். ஒரு வீட்டின் மதில் முடியுமிடத்தில் அடுத்த வீட்டின் மதில் தொடங்கும். எந்த இடத்தில் ஒரு ஊர் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை இன்றி அறிவது கடினம்.

இந்த நிலத்தின் ஊடாக, திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் இருந்தே முதன்மையான சாலை ஒன்றுதான். களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், சாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி எனச் சென்று நாகர்கோவிலை அடையும் அந்தச் சாலையே தேசிய நெடுஞ்சாலை 47 ஆனது. 2010-இல் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது 66 ஆயிற்று. நெடுந்தொலைவு செல்லும் சரக்கு லாரியும், பக்கத்துத் தெருவில் இருந்து பள்ளிக்கு நடக்கும் குழந்தையும் அதே சாலையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

மார்த்தாண்டமோ வெறும் வழித்தட ஊர் அன்று. தொடுவெட்டி என்னும் பழைய பெயரோடு சந்தையாலேயே அறியப்பட்ட ஊர் அது. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேன், மீன் எனச் சுற்றுவட்டாரத்தின் விளைபொருள்கள் வந்து கூடும் இடம். கருங்கல், தேங்காய்ப்பட்டணம், குலசேகரம் ஆகிய திசைகளில் இருந்து வரும் சாலைகள் இங்கே நெடுஞ்சாலையைச் சந்திக்கின்றன. ஆகவே, இங்கு வரும் வண்டிகளில் ஊரைக் கடந்து செல்பவை எத்தனை, ஊருக்கே வருபவை எத்தனை என்பதுதான் எந்தத் திட்டத்துக்கும் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

யாரை எண்ணுகிறோம்?

சாலைத் திட்டத்தின் முதற்படி போக்குவரத்துக் கணக்கெடுப்பு. சாலையோரம் அமர்ந்து, ஏழு நாள்களுக்கு இரவு பகலாக வண்டிகளை எண்ணுவது வழக்கம. வண்டிகள் பலவகை என்பதால் அனைத்தையும் 'பயணிகள் கார் அலகு' என்னும் ஒரே அளவுக்கு மாற்றுகிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990-இல் ஊரகச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலின்படி காரும் ஆட்டோவும் 1 அலகு. இருசக்கர வாகனம் 0.5, பேருந்தும் லாரியும் 3. இருவழிச் சாலை ஒன்று நெளிவு குறைந்த சமவெளியில் நாளொன்றுக்கு 15,000 அலகுகளைத் தாங்கும் என்றும், மேடுபள்ளமான நிலத்தில் 11,000 அலகுகளைத் தாங்கும் என்றும் அது வரையறுக்கிறது. கணக்கு இதனை மீறினால் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பது பொதுவான முடிவு.

இந்த அளவுகோல் பொறியியலுக்கு இன்றியமையாதது. ஆனால், அது சாலையில் வண்டி அடைக்கும் இடத்தை அளக்கிறதே தவிர, பயணம் செய்யும் மனிதரை அளப்பதில்லை. ஐம்பது பேரை ஏற்றிவரும் பேருந்துக்கு 3 அலகு. அதே ஐம்பது பேர் காருக்கு இருவராக வந்தால் 25 அலகு. தலையில் மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கில் எண்ணே இல்லை. சந்தை ஊர் ஒன்றின் சாலையை இந்த அளவுகோலால் மட்டும் அளந்தால், அந்தச் சாலையை மிகுதியாகப் பயன்படுத்துவோர் திட்டத்திலேயே இல்லாதவர்களாகி விடுவார்கள். நடைபாதைக்கும் அதே அமைப்பு தனி வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று அது கூறுகிறது. நம் நகரங்களில் அந்த 1.8 மீட்டர்தான் எப்போதும் முதலில் விட்டுக்கொடுக்கப்படுகிறது.

மேலும், எண்ணிக்கை மட்டும் போதாது. வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டறியும் புறப்பாடு–சேரிடக் கணக்கெடுப்பு தேவை. ஒரு நாளில் ஒரு சந்திப்பைத் தாண்டும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த ஊருக்கே வருபவை என்றால், மேம்பாலமோ புறவழிச்சாலையோ அந்தப் பாதியைத் தொடாது. கணக்கெடுக்கும் நாளும் முக்கியம். பள்ளி விடுமுறையில் எடுத்த கணக்கும், சந்தை கூடாத நாளில் எடுத்த கணக்கும், ஓணத்துக்கு முந்திய வாரத்தில் எடுத்த கணக்கும் மூன்று வெவ்வேறு ஊர்களைக் காட்டும்.

ஒரு சிக்கல், இரண்டு தீர்வுகள்

சிக்கல் எழுதப்பட்ட பிறகு மாற்று வழிகளை ஒப்பிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழியாகவே கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பது திட்டமிடலின் அடிப்படை விதி. ஏனெனில், மற்ற வழிகளின் பயனை அதனோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். அடுத்து, சந்திப்பைச் சீரமைத்தல், பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றுதல், வண்டி நிறுத்துமிடம் அமைத்தல் போன்ற சிறு செலவு வழிகள். அதற்கும் அடுத்து அகலப்படுத்துதல், புறவழிச்சாலை, மேம்பாலம். ஒவ்வொன்றுக்கும் செலவு, கால அளவு, இழக்கும் நிலம், பயன்பெறுவோர் என்று ஒரே அட்டவணையில் எழுதிப் பார்த்தால்தான் தேர்வு தேர்வாக இருக்கும். முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற அறிக்கையைப் பின்னர் எழுதுவது தேர்வாகாது.

மார்த்தாண்டத்தின் நெடுந்தொலைவுப் போக்குவரத்துக்கு இரண்டு தீர்வுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கைக்கொள்ளப்பட்டன. ஒன்று, வெட்டுமணிக்கும் பம்மத்துக்கும் இடையே சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பட்ட இரும்பு மேம்பாலம். 2018-இன் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த அது, நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்தோடு சேர்த்து 2019 மார்ச் 1 அன்று பிரதமரால் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. மற்றொன்று, கேரள எல்லையான காரோட்டில் இருந்து வில்லுக்குறி வழியாகக் கன்னியாகுமரி வரை, ஊர்களைத் தவிர்த்துப் புதிய தடத்தில் திட்டமிடப்பட்ட நான்குவழிச் சாலை.

நான்குவழிச் சாலை திட்டமிட்ட காலத்தில் முடிந்திருந்தால், நெடுந்தொலைவு வண்டிகளின் பெரும்பகுதி மார்த்தாண்டத்துக்குள் வரவேண்டிய தேவையே இருந்திராது. அது முடியாததால் மேம்பாலத்தின் பயன் பெரிதாகத் தெரிகிறது என்பதும் உண்மையே. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சுகளுக்கு அந்த இரண்டரை கிலோமீட்டர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பகுதி மக்கள் அறிவர். நெருக்கமான கடைவீதியில் வேலையைக் குறுகிய காலத்தில் முடிக்க, வேறிடத்தில் தயாரித்துக் கொண்டுவந்து பொருத்தும் இரும்பு விட்டங்கள் ஏற்றவை என்பதிலும் ஐயமில்லை. மேம்பாலம் வேண்டுமா, வேண்டாமா என்னும் பட்டிமன்றத்தில் இனிப் பயனில்லை. இரண்டு திட்டங்களும் ஒன்றையொன்று கருத்தில் கொண்டு, எது முன், எது பின், இரண்டும் வந்தபின் கீழே உள்ள நகரச் சாலை என்னவாக வேண்டும் என்று ஒரே வரைபடத்தில் வைத்து மக்களிடம் விளக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

கட்டி முடிப்பதோடு வரம்பு முடிவதுமில்லை. 2024 மே மாதம் மேம்பாலத்தின் மேல்தளக் கான்கிரீட்டில் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்து, போக்குவரத்து நிறுத்தப்பட்டுச் சீரமைக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு பாலத்தை நம்பிய ஊர், அது மூடப்படும் நாளில் எவ்வழியே செல்வது என்பதும் திட்ட அறிக்கையில் இருக்க வேண்டிய பக்கம்தான். பராமரிப்பும், மாற்றுப்பாதையும், பழுதின்போது யார் எத்தனை நாளில் வரவேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், அவை நெருக்கடியின்போது அவசரமாக எழுதப்படும்.

மண்ணும் நீரும்

நான்குவழிச் சாலையின் தாமதம் வரம்பை வகுப்பதன் அருமையை இன்னும் தெளிவாக உணர்த்துகிறது. கேரளப் பகுதியில் முக்கோலை முதல் காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை முடிந்து, வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. எல்லைக்கு இப்பால் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. முதல் ஒப்பந்தம் பணி நிறைவுறாமலே முடிவுக்கு வந்து, எஞ்சிய வேலைக்கு மறுபடியும் ஒப்பந்தம் கோரப்பட்டது. நில எடுப்பு, வழக்குகள் எனக் காரணங்கள் பல. ஆனால், மீண்டும் மீண்டும் பேசப்பட்டவை இரண்டு: மண், நீர்.

மேடும் பள்ளமும் மாறிமாறி வரும் நிலத்தில், புதிய தடத்தில் நான்குவழிச் சாலை அமைப்பது என்றால் ஏலாக்களின் குறுக்கே உயரமான மண்கரை எழுப்ப வேண்டும். கணக்குக்காக ஒன்றைப் பார்ப்போம். சராசரியாக 40 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள கரைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 1,20,000 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றும் என்று கொண்டால் 12,000 நடை. இப்படி எத்தனை கிலோமீட்டர் என்று பெருக்கிக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையும், 2008-இல் அறிவிக்கப்பட்ட காட்டுயிர்ச் சரணாலயமும் கொண்ட ஒரு சிறிய மாவட்டத்தில் இவ்வளவு மண்ணை எங்கே எடுப்பது? குன்றுகளை வெட்டினால் நீரூற்றுகள் வற்றும். குளங்களைத் தூர்வாரி எடுக்கலாம் என்றால் அந்த மண் கரைக்கு ஏற்றதா என்று சோதிக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இருந்து கொண்டுவந்தால் செலவு ஏறும், ஊர்ச் சாலைகள் நொறுங்கும். மண் எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு விடையின்றித் தடம் தேர்ந்தெடுக்கப்பட்டால், விடையைத் தேடும் வேலை ஒப்பந்ததாரர் தலையில் விழும். அவர் அதைத் தாமதமாகவும் விலையேற்றமாகவும் நம்மிடமே திருப்பித் தருவார்.

நீரின் கதையும் இத்தகையதே. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்த மாவட்டம் இது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் பெய்யும் நிலம். இங்குள்ள குளங்கள் தனித்தனிப் பள்ளங்கள் அல்ல. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். பேச்சிப்பாறை போன்ற அணைகளில் இருந்து வரும் கால்வாய் நீரும் அவற்றில் கலக்கும். அந்தத் தொடரின் குறுக்கே மண்கரை போட்டால், ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியும் ஏற்படும். புதிய சாலைக்காகக் குளங்கள் நிரப்பப்படுவதை எதிர்த்து உழவர்களும் சூழல் ஆர்வலர்களும் போராடினர். வழக்குகள் நீதிமன்றம் சென்றன. பின்னர், நீர்நிலைகளை நிரப்பாமல் பாலங்களாகக் கடக்கும் வகையில் வடிவமைப்பு மாற்றப்பட வேண்டியதாயிற்று. பாலமாகக் கட்டுவது சரியான தீர்வே. அதே தீர்வு தொடக்கத்திலேயே வரைபடத்தில் இருந்திருந்தால், குளமும் காப்பாற்றப்பட்டிருக்கும், ஆண்டுகளும் மிஞ்சியிருக்கும். நிலவரைபடத்தில் ஒரு நீல வட்டமாக மட்டும் குளத்தைப் பார்ப்பவருக்கும், அதன் மதகும் மறுகாலும் எத்திசை நோக்கியவை என்று அறிந்த உழவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஆண்டுகளின் விலை.

சென்ட் கணக்கில் நிலம்

தேசிய நெடுஞ்சாலைகளுக்கான நிலம் 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி எடுக்கப்படுகிறது. 3ஏ பிரிவின்கீழ் எண்ணம் அறிவிக்கப்பட்டு, ஓராண்டுக்குள் 3டி பிரிவின்கீழ் பிரகடனம் வெளிவராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதியாகிவிடும். இழப்பீடோ 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. மாநிலச் சாலைகளுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 உண்டு.

சட்டம் எங்கும் ஒன்றுதான், நிலம் ஒன்றில்லை. ஏக்கரில் பேசும் மாவட்டத்துக்கும் சென்ட்டில் பேசும் மாவட்டத்துக்கும் வேறுபாடு பெரிது. விளவங்கோட்டில் பத்து சென்ட் என்பது ஒரு வீடு, ஒரு கிணறு, நான்கு தென்னை, ஒரு பலா, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சேமிப்பு. அதன் நடுவே தடம் சென்றால், எஞ்சும் மூன்று சென்ட்டில் வீடும் கட்ட முடியாது, விற்கவும் முடியாது. உரிமையாளர்களில் ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். மற்றொருவரின் பெயரில் பட்டா மாற்றப்படாமல் கிடக்கும். கடைவீதியிலோ, கட்டடம் ஒருவருடையது, முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர் வேறொருவர். எத்தனை பேர், எத்தனை துண்டு நிலம், எத்தனை வாடகைக் கடைகள் என்று தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கிட்டால், சற்று விலகிய தடம் ஒன்று மலிவானதாகத் தெரியக்கூடும். அறிவிப்பு வெளியான பின் அந்தக் கணக்கைத் தொடங்கினால் எல்லாத் தடமும் விலை உயர்ந்ததே.

மண்ணுக்கு அடியில் இருப்பனவும் வரம்புக்குள் வரவேண்டும். குடிநீர்க் குழாய், மின்கம்பம், தொலைபேசிக் கம்பிவடம், வடிகால் ஆகியவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன. புதிதாகத் தார் போட்ட சாலையை அடுத்த மாதமே குழாய்க்காகத் தோண்டும் காட்சிக்கு நாம் பழகிவிட்டோம். இதனைத் துறைகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிடுவது எளிது. அவர்களை ஒரே மேசையில் அமரவைக்கும் கடமை திட்ட அறிக்கையில் யாருக்கும் எழுதப்படவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

சட்டம் கேட்காத கேள்விகள்

சூழல் தாக்கத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2013-இல் திருத்தப்பட்ட வடிவில், ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையின் விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டதாகவும், கூடுதல் நில அகலம் பழைய தடத்தில் 40 மீட்டருக்கும் புறவழிகளில் 60 மீட்டருக்கும் மேற்பட்டதாகவும் இருந்தால்தான் முன் அனுமதி கோருகிறது. அந்த அளவை எட்டாத விரிவாக்கத் திட்டத்துக்கு, அது எத்தனை குளங்களைக் கடந்தாலும், இந்த அறிவிக்கையின்கீழ் பொது மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை.

விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை இதற்கு ஒரு பாடம். சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த விரிவாக்கம் நான்கு பகுதிகளாகப் பிரித்து மேற்கொள்ளப்பட்டது. சூழல் அனுமதி தேவை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நில அகலம் வரையறையை மீறவில்லை என்பதால் அனுமதி தேவையில்லை எனத் தீர்ப்பளித்தது; அதேவேளை, ஒரே நெடுஞ்சாலையை நூறு கிலோமீட்டருக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிப்பது ஏற்கத்தக்கதா என்பதை வல்லுநர் குழு ஆராய வேண்டும் என்றும் கூறியது. திட்டத்தின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பது பொறியாளரின் பேனாவோடு முடியும் செயலன்று. எந்தச் சட்டம் பொருந்தும், யாருடைய குரல் கேட்கப்படும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

அறிக்கைகளின் தரம் குறித்த கவலை அரசமைப்புக்கு உள்ளிருந்தும் எழுந்துள்ளது. பாரத்மாலா முதற்கட்டம் பற்றி 2023-இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, விரிவான திட்ட அறிக்கைகளில் உள்ள குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. விபத்துகளுக்குக் குறைபாடுள்ள திட்ட அறிக்கைகளும் காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே 2025-இல் வெளிப்படையாகப் பேசினார்.

முன்கணிப்பும் உண்மையும்

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியா தலைமையிலான ஆய்வாளர்கள் 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, சாலைத் திட்டங்களில் பாதியில் முன்கணித்த போக்குவரத்துக்கும் உண்மையில் வந்த போக்குவரத்துக்கும் இடையே 20 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து ஜில் டுராண்டன், மேத்யூ டர்னர் ஆகிய பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரை, நெடுஞ்சாலையின் நீளம் கூடும் அளவுக்கு ஏறத்தாழ ஈடாக வண்டிகளின் ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது. புதிய சாலை பழைய நெரிசலைக் குறைப்பதோடு நில்லாமல், புதிய பயணங்களையும் அழைத்து வருகிறது.

இதிலிருந்து சாலையே போடக்கூடாது என்னும் முடிவுக்கு வரவேண்டியதில்லை. குமரி மாவட்டத்துக்கு நான்குவழிச் சாலை தேவை. அதன் நிறைவுக்காக மக்கள் காத்திருந்த காலம் மிக நீண்டது. சாலை அமைப்பதால் மட்டும் நகர நெரிசல் தீராது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். பேருந்து வசதி, நிறுத்துமிடம், நடைபாதை, சந்தைக்குச் சரக்கு இறக்கும் நேரம் ஆகியவை அதே திட்டத்தின் உறுப்புகளாக இருந்தால்தான் பெருஞ்செலவின் பயன் ஊருக்குக் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எந்தச் சாலைத் திட்டமானாலும், மாற்று வழிகளை ஒப்பிடும் கட்டத்திலேயே அதன் சுருக்கம் எளிய தமிழில், வரைபடத்தோடு, மாவட்ட இணையதளத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் வைக்கப்பட வேண்டும். இது புதிய சலுகை அன்று. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவை தொடர்பான விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காம் பிரிவு ஏற்கெனவே கூறுகிறது.

இரண்டாவதாக, போக்குவரத்துக் கணக்கெடுப்பில் வண்டிகளோடு மனிதர்களும் எண்ணப்பட வேண்டும். சாலையைக் கடப்பவர், பேருந்துக்குக் காத்திருப்பவர், சந்தை நாள், பள்ளி விடும் நேரம் ஆகிய அனைத்தும் அறிக்கையில் எண்களாக இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, தடம் முடிவாவதற்கு முன்பே நீர்வழி வரைபடமும் மண் கணக்கும் தயாராக வேண்டும். இதற்கு உழவர்களையும் நீர்வளத் துறையின் களப் பணியாளர்களையும் விடச் சிறந்த வழிகாட்டிகள் இல்லை. கருத்துக்கேட்பைச் சட்டம் கட்டாயமாக்காத இடத்திலும் கருத்துக் கேட்பதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை.

நான்காவதாக, 'பணி நிறைவு' என்பதன் பொருளை மாற்ற வேண்டும். நடைபாதை, வடிகால், நிழற்குடை, தெருவிளக்கு, பாலத்துக்குக் கீழுள்ள சாலை ஆகியவை முடிந்தால்தான் பணி முடிந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, திட்டம் சொன்னது நடந்ததா என்று மீண்டும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இருந்தே இதனைத் தொடங்கலாம். கீழே நகர்பவர் எத்தனை பேர், எந்நேரத்தில், எதற்காக வருகிறார்கள் என்னும் ஒரு வாரக் கணக்கெடுப்புக்குப் பெருஞ்செலவு ஆகாது. நான்குவழிச் சாலை முழுமையாகத் திறக்கப்படும் நாளில், நெடுந்தொலைவு வண்டிகள் விலகிய பிறகு பழைய சாலையை ஊருக்கான சாலையாக எப்படி மாற்றுவது என்னும் திட்டத்துக்கு அந்தக் கணக்கே அடித்தளமாகும்.

அந்தப் பழைய சாலையில் சாமியார்மடம், அழகியமண்டபம் என்று இரண்டு ஊர்கள் இருப்பதை முன்பே கண்டோம். மடமும் மண்டபமும் வழிநடந்தோர் தங்கிய இடங்களின் பெயர்கள். திருவிதாங்கூரின் பழைய பாதைகளில் தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென ஆள் உயரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நிறுத்தப்பட்டிருந்தன. கார் அலகு என்னும் கணக்கை அறியாத காலத்தில், அந்தச் சாலையை வகுத்தவர்கள் அதில் நடப்பவரையும், அவர் தலையில் இருக்கும் சுமையையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கருவிகளும் கணினிகளும் கைவசமுள்ள நாம், மேம்பாலத்தின் கீழே கூடையோடு நிற்பவரையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்வது இயலாத செயலன்று.